அக்கா சொல்லிவிட்ட ஒரு செபம்

ரோமிலிருந்து ரயிலில் போனால் அசிசி ஊருக்குள்ளேயே இறங்க முடியாது. ஸ்டேஷன் கீழே சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் பிடித்து மலையேற வேண்டும். பங்குக் கோயிலிலிருந்து வந்த எங்கள் குழுவுக்குப் பிரான்சிஸ் அசிசியாரின் கல்லறைதான் முக்கியம். எனக்கு அங்கே வேறொரு வேலையும் இருந்தது.

புறப்படும்போது அக்கா சொன்னாள்: "எனக்காக ஒண்ணும் வேண்டாத. அந்தப் பையனோட அம்மாவ நெனச்சு ஒரு அருள் நிறைந்த மரியே மட்டும் சொல்லு."

அந்தப் பையன் கார்லோ அக்குதிஸ். 1991-இல் லண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்தவன். (புனிதரை 'அவன்' என்று எழுதலாமா தெரியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையை வேறு எப்படி எழுதுவது?) கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். உலகெங்கும் நடந்த நற்கருணை (பூசையில் வாங்கும் அப்பம்) அற்புதங்களைத் திரட்டி ஓர் இணையதளமே செய்தான். 2006 அக்டோபர் தொடக்கத்தில் காய்ச்சல் வந்தது. வீட்டில் சாதாரண ஃப்ளூ என்றுதான் நினைத்தார்கள். பார்த்தால் ரத்தப் புற்றுநோய், அதிலும் மிக வேகமான வகை. அக்டோபர் 12 அன்று மோன்சா மருத்துவமனையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா மகனுக்கும் அதே ரத்தப் புற்றுநோய், அதே வயது. ஆனால் அவன் பதினொரு மாதம் படுத்திருந்தான். எது கொடியது, சில நாளா பதினொரு மாதமா என்று அக்காவும் நானும் பேசிப் பார்த்திருக்கிறோம். விடை கிடைத்ததில்லை.

கார்லோவின் உடல் இருப்பது அசிசியில் சாந்தா மரியா மஜ்ஜோரே கோயிலில், கண்ணாடி வைத்த கல்லறையில். பணக்கார வியாபாரியின் மகனான பிரான்சிஸ், உடுத்தியிருந்த துணியையும் அப்பாவிடமே கழற்றிக் கொடுத்துவிட்டு நின்ற இடம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். துணியைத் துறந்தவரின் கோயிலில் ஒரு பையன் ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் மேல்சட்டையும் நைக்கி ஷூவுமாகப் படுத்திருக்கிறான். கையில் செபமாலை. வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு முன்னால் முதுகுப்பையோடு பள்ளிப் பிள்ளைகள். ஒருத்தி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள்.

உடல் அழியவே இல்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மையில்லை. முகம் சிலிக்கானில் செய்தது. அசிசி ஆயரே அதை விளக்கியிருக்கிறார். அதனால் என் பக்தி ஒன்றும் குறையவில்லை.

என் சிக்கல் வேறு. தனக்கே குணம் கிடைக்காதவனிடம் போய் எப்படிக் குணம் கேட்பது? அக்கா மகனுக்காக நாங்கள் ஏறாத கோயில் இல்லை. வேளாங்கண்ணியில் முட்டிபோட்டு நடந்தோம். கார்லோவுக்கு 2020-இல் அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது, அவனிடம் வேண்டிப் பிரேசில் சிறுவன் ஒருவன் குணமானதை அற்புதமாகச் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் கொடுக்க எடுத்துக்கொண்டது கோஸ்டா ரிகா பெண்ணின் கதை. ஃப்ளாரன்ஸில் சைக்கிள் விபத்து, தலையில் பலத்த அடி. அந்தப் பெண்ணின் தாய் இதே கல்லறை முன் வந்து முழந்தாளிட்டாள், மகள் பிழைத்தாள். சந்தோஷம்தான். ஆனாலும், பொய் சொல்வானேன், அங்கே நிற்கையில் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அப்புறம்தான் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. கார்லோவின் அம்மாவும் பெற்ற பிள்ளையைக் கொடுத்தவர்தான். அவர் அதிகம் கோயிலுக்குப் போகாதவராம். மகன்தான் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறான். மகன் போன நான்காம் ஆண்டு, அதே அக்டோபர் 12 அன்று, அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அந்த நாளில் இனிமேல் அவர் அழுவாரா, கேக் வெட்டுவாரா?

அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

வெளியே வந்து அக்காவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஷூ போட்டிருக்கானா?"

"ஆமாக்கா."

"நம்ம பயலுக்குக் கால் வீங்கிப் போயி எதுவும் நுழையல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சரி, வை. நீ சாப்பிட்டியாட்டி?"