லாசா குறிப்புகள்: கண்ணாடிப் பெட்டிக்குள் திபெத்

செப்டம்பர் 5, 2024, வியாழன். சினிங்

லாசா ரயில் நாளைக்குத்தான். சிங்ஹாய் மாநிலத் தலைநகரான சினிங்கிலேயே திபெத்தியப் பண்பாட்டுக்கென்று பெரிய அருங்காட்சியகம் ஒன்று இருப்பதால் பொழுது வீணாகவில்லை. இதுவரை வர தனி அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. எங்களைப் போன்ற மலேசியர்களுக்கு இப்போது சீன விசாவும் வேண்டாம். ஆனால் திபெத்துக்குள் நுழையத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முகவர் மூலம்தான் வாங்க முடியும், கூடவே உரிமம் பெற்ற வழிகாட்டியும் வர வேண்டும். தனியாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற கதையெல்லாம் அங்கே நடக்காது.

என்னோடு வருபவள் கல்லூரித் தோழி, ஈப்போ சீனப் பெண். சீன எழுத்து வாசிக்கத் தெரிந்தவள். ஆங்கில விளக்க அட்டை நாலு வரியில் முடிந்துவிடும் இடங்களில் மீதியை அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே எல்லோரும் பார்க்க வருவது அந்த ஒரு நீளமான தங்காவை, அதாவது துணியில் வரைந்த பௌத்தச் சுருள் ஓவியத்தை. 618 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம். சுமார் 400 ஓவியர்கள் நான்கு ஆண்டுகள் வரைந்தது. பாதிக்கு மேல் கண் வாங்க மறுத்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்தவை மருத்துவ ஓவியங்கள். நோய்களையும் அறிகுறிகளையும் கிளைவிட்ட மரமாக வரைந்து, ஒவ்வொரு இலைக்கும் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். உடலின் மூன்று தோஷங்கள் என்று தோழி வாசித்ததும், வாதம், பித்தம், கபம் என்று நான் விரலை மடக்கினேன். ஆயுர்வேத நூல்கள் திபெத்திய மொழிக்குப் போனபோது கூடவே போனவைதான்.

செப்டம்பர் 7, சனி. ரயிலில் இருந்து இறங்கி

சினிங்கிலிருந்து லாசா 1,956 கிலோமீட்டர். 2006 ஜூலையில் முழுதாகத் திறந்த பாதை. நிலையத்தில் அனுமதிச் சீட்டைக் கடப்பிதழோடு வைத்துப் பார்த்தார்கள். தங்குலா கணவாய் 5,072 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போனபோது என் சிப்ஸ் பொட்டலம் பலூன் மாதிரி உப்பிவிட்டது. பெட்டிக்குள் பிராணவாயு விடுகிறார்கள். இருந்தும் தலை கனம் விடவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு. லாசா

ஓய்வு. 3,650 மீட்டரில் மாடிப்படி ஏறுவதே ஒரு வேலை. மாலையில் பார்கோர் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைத்தான் எதிர்பார்த்தேன். லாசாக்காரர்கள் மேசைக்கு மேசை குடித்துக்கொண்டிருந்தது இனிப்புப் பால் தேநீர். நம் வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கிற அதே இனிப்பு. இரண்டு கண்ணாடித் தம்ளர் காலி.

செப்டம்பர் 9, திங்கள்

லாசாவில் பார்க்க நினைத்திருந்த திபெத் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஜோகாங் கோவிலுக்குப் போனோம். சதுக்கத்துக்குள் நுழையும் முன் பையைச் சோதிக்கிறார்கள். வாசலில் சாஷ்டாங்கமாக விழுந்து எழுபவர்களின் கைக்கட்டைகள் பட்டுப்பட்டுக் கற்கள் வழவழவென்று ஆகிவிட்டன.

வழிகாட்டி சொன்ன கதை: திபெத்து நிலமே மல்லாந்து கிடக்கும் ஓர் அரக்கி. அவளை எழவிடாமல் கை, கால், தோள், இடுப்பு என்று பார்த்து சோங்ட்சென் கம்போ மன்னர் கோவில்களைக் கட்டினார். நெஞ்சின் மேல் வந்தது ஜோகாங். அந்த அரக்கியை வரைந்த பழைய தங்கா அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. நிலத்தையே ஓர் உடம்பாக வரைந்து காட்டும் வரைபடம் அது.

செப்டம்பர் 10, செவ்வாய். திபெத் அருங்காட்சியகம்

நுழைவு இலவசம். கடப்பிதழைக் காட்ட வேண்டும், பையைச் சோதனைப் பெட்டியில் போட வேண்டும். நோர்புலிங்கா கோடை மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1999இல் திறந்த கட்டடத்தை 2017 முதல் பெரிதாக்கி, 2022 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். சேகரிப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் என்று அரசுக் கணக்கு. உள்ளே குளிர், வெளிச்சம், வசதி எல்லாம் முதல்தரம்.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு மண் பாண்டம். சாம்தோ அருகே கரூப் என்ற கற்கால ஊரில் கிடைத்தது, வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். இரண்டு விலங்குகள் வயிற்றோடு வயிறு ஒட்டி நிற்கின்றன, மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாய். பக்கங்களில் கறுப்புக் கோணல் கோடுகள். கோடு ஒன்று நேராக வந்து, நடுவில் கொஞ்சம் நழுவி, மறுபடி நேராகிறது. கை நழுவியதை அழித்துத் திருத்தாமல் மேலே போயிருக்கிறார் அந்தக் குயவர்.

அப்புறம் ஓலைச்சுவடிகள். பிரஜ்ஞாபாரமிதா என்ற மகாயான பௌத்த நூலின் சமஸ்கிருதச் சுவடி. குனிந்து குனிந்து பார்த்தேன். நம் சுவடியில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைப்பார்கள். இதில் கீறலே இல்லை, பேனா மையால் எழுதியிருக்கிறார்கள். வங்காள, நேபாளப் பக்கத்து வழக்கம் அது. கயிறு கோக்கும் துளைகளைச் சுற்றி எழுத்துப் படாமல் சிறு சதுரம் விட்டிருந்தார்கள். நம் ஊரில் கறையானும் ஈரமும் சில நூறு ஆண்டில் தின்றுவிடும், படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். திபெத்தின் காய்ந்த குளிரில் ஆயிரம் ஆண்டுச் சுவடியும் நிற்கிறது. இந்தியாவில் மூலம் தொலைந்த நூல்களைத் தேடி ராகுல் சாங்கிருத்யாயன் 1929 முதல் திரும்பத் திரும்ப இந்த மடங்களுக்கு வந்தது அதனால்தான்.

இங்கே வழிகாட்டியிடம் தண்டியைப் பற்றிக் கேட்டேன். காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி எழுதிய காவ்யாதர்சம் 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்கு வந்தது. அதற்குப் பின் அங்கே கவிதை எழுதுவோர் எல்லோருக்கும் அதுவே இலக்கண நூல். தமிழில் அதைத் தழுவி எழுந்ததுதான் தண்டியலங்காரம். "பள்ளியில் அணிகளைப் பாராமல் ஒப்பிக்க வைத்தார்கள்" என்று அவர் சிரித்தார். நானும் அப்படித்தான் என்றேன். எந்த அணி யாருக்கு அதிகம் கஷ்டம் கொடுத்தது என்று கொஞ்ச நேரம் பேசினோம். பயணத்தில் நாங்கள் தாராளமாகப் பேசிக்கொண்டது அந்தப் பத்து நிமிடம்தான்.

ஏனென்றால் அடுத்து வருவது முத்திரைகள். யுவான், மிங், சிங் அரசவைகள் திபெத்தியத் தலைவர்களுக்கு வழங்கிய தங்க, ஜேட் முத்திரைகள். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றை வரிசைப்படுத்திய விதமே ஒரு வாதம்: பெய்ஜிங் கொடுத்தது, லாசா வாங்கிக்கொண்டது, ஆகவே திபெத் எப்போதும் சீனாவின் பகுதி. 1653இல் பெய்ஜிங் போய் வந்த ஐந்தாம் தலாய் லாமாவுக்கு ஷுன்சி பேரரசர் முத்திரை கொடுத்ததை, குருவுக்குப் புரவலர் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்ளும் திபெத்திய வாசிப்பும் ஒன்று உண்டு. அதற்கு இங்கே பெட்டி ஒதுக்கவில்லை.

வாதத்தின் உச்சம் தங்கக் கலசம். திபெத்துக்குள் புகுந்த நேபாளத்துக் கூர்க்காப் படையைத் துரத்திய பிறகு, 1793இல் சிங் பேரரசர் சியன்லோங் அனுப்பியது. இறந்த லாமாவின் மறுபிறவி என்று கருதப்படும் குழந்தைகளின் பெயர்களைத் தந்தச் சீட்டுகளில் எழுதிக் கலசத்தில் போட்டு, ஜோகாங்கில் புத்தர் முன் குலுக்கி எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எடுப்பாக நிற்கும் பாத்திரம், உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. 9ஆம், 13ஆம், 14ஆம் தலாய் லாமாக்கள் இந்தக் குலுக்கல் இல்லாமலே தேர்வானவர்கள். ஆனாலும் 1995 நவம்பரில் ஜோகாங்கில் குலுக்கல் நடந்து, சீன அரசு ஏற்கும் பஞ்சன் லாமா (தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் உள்ள குரு) தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் பஞ்சன் லாமா என்று தலாய் லாமா அறிவித்த ஆறு வயதுப் பையனை அதற்குப் பின் பொதுவெளியில் யாரும் பார்க்கவில்லை. அடுத்த தலாய் லாமாவைத் தேர்வு செய்யும் நாளில் இந்தக் கலசத்தைத்தான் முன்னால் வைக்கப்போகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது பழம்பொருள் மட்டுமல்ல.

தோழி சீன அட்டையை வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். வழிகாட்டி சற்றுத் தள்ளிப் போய்க் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். கேள்வி நம்முடையது, விலை கொடுப்பது அவர்.

கடைசிக் கூடங்கள் திபெத்தைச் சீன ஆட்சிக்குள் கொண்டுவந்த 1951 ஒப்பந்தம், 1959 "ஜனநாயகச் சீர்திருத்தம்", சாலை, ரயில், மருத்துவமனை என்று நேராக முன்னேறுகின்றன. சாலையும் ரயிலும் பொய்யல்ல, நானே அந்த ரயிலில்தான் வந்தேன். ஆனால் ஆயிரக்கணக்கான திபெத்தியர்கள் ஏன் இந்தியாவில் தரம்சாலாவிலும் பைலகுப்பேயிலும் வாழ்கிறார்கள் என்ற கேள்வியோடு வருபவருக்கு இந்தக் கட்டடத்தில் விடை இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முத்திரைக் கூடத்தில் நேரத்தைக் கொட்டாதீர்கள். மண் பாண்டம், சுவடி, அப்புறம் முகமூடிகள், ஆடைகள் உள்ள பகுதி. ஆட்டுத் தோல் அங்கியின் உட்பக்கத்துத் தையலைக் கட்டாயம் பாருங்கள். அவற்றைச் செய்தவர்கள் எந்த அரசவைக்கும் எதையும் நிரூபிக்க நினைக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன். நோர்புலிங்கா

அருங்காட்சியகத்தில் இல்லாதவர் சாலைக்கு அந்தப் பக்கம் சுவரில் இருக்கிறார். 1954 முதல் 1956 வரை கட்டிய புது மாளிகையில் இளம் 14ஆம் தலாய் லாமா உட்கார்ந்திருக்கும் சுவரோவியம் அப்படியே இருக்கிறது. சுற்றி அவருடைய அவை. அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், பிரிட்டிஷ் பிரதிநிதி ஹியூ ரிச்சர்ட்சன். குளியலறைக் குழாய்கள், பழைய ரேடியோ எல்லாம் அறைகளில் அப்படியே. 1959 மார்ச் 17 இரவு தலாய் லாமா இங்கிருந்துதான் இந்தியாவுக்குக் கிளம்பினார். படமெடுக்க அனுமதி இல்லை.

அந்தச் சுவர் முன்னால் முதிய பெண்கள் மூன்று பேர் ஒன்றும் பேசாமல் நெற்றியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். காவலர் கண்டுகொள்ளவில்லை.

நாளை ஷிகாட்சே, தாஷில்ஹுன்போ மடம். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டாம், காலை ஏழு மணிக்கே வண்டி. இணையம் கிடைத்தால் இரவு எழுதுகிறேன்.