சுங்கை ரிமோ பக்கம் போகாதே

நம் பள்ளி நினைவு மலருக்கு எழுதச் சொன்னதும், தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயக்கொட்டகையும் வாத்தியாரின் பிரம்பும்தான் நினைவுக்கு வந்தன. அவற்றை நீங்கள் எல்லாரும் எழுதுவீர்கள். நான் வேறொன்றை எழுதுகிறேன்.

மலேசியாவில், எங்கள் ஊரான பத்தாங் காலியில் பள்ளி விட்டதும் ஆற்றோரம் ஓடினால், "சுங்கை ரிமோ பக்கம் போகாதே!" என்று அம்மா கத்துவார். ஏன் என்று கேட்டால், அப்பா ரப்பர் பால்வாளியைக் கழுவிக்கொண்டே, "சீனக் குடியிருப்புச் சங்கதி, நமக்கெதற்கு?" என்பார். வாளி ஏற்கெனவே பளபளவென்றுதான் இருக்கும். ஆறாண்டு படித்த பள்ளியிலும் யாரும் வாய் திறந்ததில்லை.

சங்கதி தெரிந்தது சீமைக்கு, இந்த இங்கிலாந்துக்கு, வந்த பிறகு. 1970 பிப்ரவரியில் இங்கே தாதியர் பயிற்சியில் இருந்தேன். 'தி பீப்பிள்' பத்திரிகையில் எங்கள் ஊர்ப் பெயர்! மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் தொடங்கிய 1948இல், டிசம்பர் மாதம், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் அந்தச் சுங்கை ரிமோ தோட்டத்தில் ஆயுதமற்ற 24 சீனரைச் சுட்டுக் கொன்று, குடிசைகளையும் கொளுத்தியிருக்கிறார்கள். தப்பியோடியபோது சுட்டதாக அரசு சொன்னது பொய் என்று சத்தியம் செய்து சொன்னவர்கள், அன்று அங்கே இருந்த சிப்பாய்களே. இருபத்தோராண்டு அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள்.

சில வாரங்கள் கழித்து, வார்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க நோயாளி ஒருவர். மலாயாவில் பட்டாளத்தில் இருந்தவராம். தேநீர் கொடுத்தேன். "தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொல்லிச் சிரித்தவர், ஊர் எது என்றார். சொன்னேன். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது.

"அப்போது உனக்கு என்ன வயது?"

எப்போது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பிறக்கவே இல்லை."

"நல்லது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை. எந்தப் படைப்பிரிவு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கோபமா இரக்கமா என்று பிரிக்கத் தெரியாமல், சிந்திய தேநீரைத்தான் துடைத்தேன்.

அவ்வாண்டு தொடங்கிய விசாரணையை, தேர்தலில் ஆட்சி மாறியதும் கைவிட்டார்கள். 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும் விசாரணை நடத்த அரசுக்குக் கட்டாயமில்லை என்றது. சுட்டவர்களுக்கே ஆறாதது சட்டத்துக்கு ஆறிவிட்டது போலும்.

இன்றும் இங்கே வெள்ளைக்காரக் கிழவர் யாராவது ஊர் எது என்று கேட்டால், "கோலாலம்பூர் பக்கம்" என்றுதான் சொல்கிறேன். அப்பாவின் பிள்ளை அல்லவா.