நாட்காட்டி சொல்வதும் நீர் சொல்வதும்

பினாங்கு பாயான் லெப்பாசில், வீட்டு நீர் வடிகட்டிகளைத் தயாரித்து விற்பனைக்கும் மாத வாடகைக்கும் தரும் ஒரு நிறுவனத்தின் தர ஆய்வுப் பிரிவில் பணியாற்றுகிறேன். வீடுகளிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்படும் பழைய பில்டர்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வழக்கமான வேலை. ஆறு மாதம் முடிந்ததும் மாற்ற வேண்டும் என்ற ஒரே விதியின் கீழ் வந்த பில்டர்கள்தாம் எல்லாம். ஆனால் பெருநிலத்தில் உள்ள பிறை, பட்டர்வொர்த் பக்கத்துப் பழைய தாமான்களிலிருந்து, அதாவது வீடமைப்புப் பகுதிகளிலிருந்து, வருபவற்றில் துருவும் சேறும் செங்காவி நிறத்தில் இறுகிப்போயிருக்கும். தீவில் புதிதாகக் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருபவற்றில் பல, போட்ட நாளில் இருந்தது போலவே வெளுப்பாக இருக்கும். முதல் வகை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே மாற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் வகை இன்னும் பல மாதங்கள் உழைத்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் கழற்ற வைத்தது நாட்காட்டி.

எங்கள் துறையில் சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு வந்தால், பேச்சு உடனே அட்டைப்பெட்டியின் தாளுக்கும் வெளி உறையின் பிளாஸ்டிக்குக்கும் போய்விடுகிறது. அவை வேண்டியவைதாம். ஆயினும் பில்டர்களை அறுத்துப் பார்க்கும் மேசையில் வேலை செய்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்டது வேறொன்று: ஒரு வீட்டுக்கு எந்த அளவு சுத்திகரிப்பு தேவை, அதன் பில்டர் எப்போது உண்மையிலேயே தீர்ந்துபோகிறது என்ற இரண்டையும் அந்த வீட்டு நீரைக் கொண்டு முடிவு செய்தால், மிச்சமாகும் பிளாஸ்டிக்கும் நீரும் மற்ற முயற்சிகள் அனைத்தையும் விட அதிகம். தூக்கி எறியப்படும் பில்டர் மறுசுழற்சிக்கு எளிதில் போவதில்லை. பாலிப்ரொப்பிலீன் உறை, அதற்குள் பசையால் பிடிக்கப்பட்ட மூடி, நடுவே ஈரக்கரி என்று எல்லாம் ஒன்றாக இறுகிக் கிடக்கும் பொருளைப் பழைய சாமான் வாங்குபவர்கள் தொடுவதே இல்லை.

நாட்காட்டி விதியைக் குறை சொல்வது எளிது. அது ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாடகைத் திட்டத்தில் பராமரிப்பு ஊழியர் ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் வீட்டுக்கு வருவார். யார் எந்த நாளில் எந்தத் தெருவுக்குப் போவது, எத்தனை பில்டர்களை வண்டியில் ஏற்றுவது என்ற ஏற்பாடு முழுவதும் தேதிகளின் மேல்தான் நிற்கிறது. தேதி தவறாமல் மாற்றினால், மோசமான நீர் வரும் வீடுகளிலும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும் என்ற எண்ணமும் அதில் உண்டு. விற்பனைப் பிரிவுக்குப் பில்டர் வருமானமும் முக்கியம். அதை மறைக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு விற்பனைப் பிரிவிலிருந்துதான் வரும் என்று எதிர்பார்த்தோம். அதைவிட உறுதியான எதிர்ப்பு வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. பில்டரைச் சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் விட்டுவிட்டு வரும் முறையைச் சில தெருக்களில் முன்னோட்டமாகத் தொடங்கியபோது, நானும் ஊழியர்களுடன் போனேன். ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டுப் பெரியவர், நாங்கள் பழைய பில்டரையே திரும்பப் பொருத்துவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ஆறு மாசமாச்சு, ஒண்ணும் மாத்தாம கெளம்புறீங்களே. அப்புறம் மாசா மாசம் காசு எதுக்கு வாங்குறீங்க?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவரைப் பொறுத்தவரை, புதிய பில்டர் கண்ணுக்குத் தெரியும் பொருள். கொடுத்த பணத்துக்குக் கைமேல் கிடைத்த கணக்கு. சோதனை என்பது கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. அதற்கும் ஒரு வடிவம் கொடுக்காமல் இந்த மாற்றம் நடக்காது என்று அன்று தெரிந்தது.

அந்த வடிவம் ஒரு சிறு சோதனைக் குழாயில் கிடைத்தது. நீரில் எஞ்சியிருக்கும் குளோரினை அறிய டி.பி.டி. என்ற வேதிப்பொடி பயன்படுகிறது. குளோரின் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாகும். இல்லையென்றால் நிறம் மாறாது. மலேசியக் குடிநீர்த் தர அளவுகளின்படி, சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வழியில் கிருமிகள் பெருகாமல் காப்பது அதுதான். கரி பில்டரின் முதல் வேலை அந்தக் குளோரினையும் அதன் வாடையையும் பிடித்துக்கொள்வது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் நல்ல கரியில் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கிறது; அது நிறைந்து தீர்ந்ததா என்பது வெளி நிறத்தைப் பார்த்தால் தெரியாது. எனவே, இரண்டு குழாய்களில் ஒன்றில் நேரடிக் குழாய் நீரையும் மற்றொன்றில் வடிகட்டிய நீரையும் எடுத்து, இரண்டிலும் பொடியைப் போட்டு வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவோம். ஒன்று சிவந்து மற்றொன்று தெளிவாக நின்றால் கரி உயிரோடு இருக்கிறது. இரண்டும் சிவந்தால் அங்கேயே மாற்றிவிடுவோம். அடுத்த முறை போனபோது அந்தப் பெரியவர் தம் பேரப்பிள்ளைகளை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பொடியைத் தாமே போட்டார்.

கூடவே, மொட்டை மாடியிலோ கூரைக்கடியிலோ இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் கேட்கச் சொன்னோம். பல ஆண்டுகளாகக் கழுவாத தொட்டியின் அடியில் படிந்திருப்பதை எந்தப் பில்டராலும் நெடுநாள் தாங்க முடியாது. தொட்டியைக் கழுவியதும், துருவையும் சேற்றையும் பிடிக்கும் படிவு பில்டரின் ஆயுள் கண்கூடாகக் கூடியதை நாங்கள் மேசையில் பார்த்திருக்கிறோம்.

சோதனை ஊழியரின் கையில் இருந்தால் மட்டும் போதாது, கருவியே கணக்கு வைக்க வேண்டும் என்பது அடுத்த படி. புதிய மாதிரியில், நீர் ஓடும்போது சுழலும் ஒரு சின்னச் சக்கரமும் அதன் சுற்றுகளை எண்ணும் உணரியும் வைத்தோம். கரி எத்தனை லிட்டரைக் கண்டது என்பது அதில் பதிவாகும். படிவு பில்டர் அடைபடத் தொடங்கினால் ஓட்டத்தின் வேகம் குறைவதும் தெரியும். ஆனால் லிட்டர் கணக்கை மட்டும் நம்புவதற்கு நான் உடன்படவில்லை. குளோரினை நீக்கிய பின் நீருக்குக் காவல் இல்லை. ஈரக்கரியில் நீர் நாள்கணக்கில் தேங்கி நின்றால் நுண்ணுயிர்கள் குடியேறும். தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. ஆகவே லிட்டர் அளவு, ஓட்ட வேகம், அதிகபட்ச வயது என்ற மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவே மாற்றும் நேரம் என்று வைத்தோம். நீண்ட நேரம் பயன்படுத்தப்படாத கருவி, மீண்டும் திறந்தவுடன் தேங்கிய நீரை வெளியேற்றிவிடும்.

இந்த அமைப்பின் மதிப்பை எங்களுக்குப் புரியவைத்தது 2024 ஜனவரி. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக மாநிலத்தின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் நீர் நிறுத்தப்பட்டது. வற்றிய குழாய்களில் நீர் மீண்டும் பாயும்போது, உள்ளே ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த துரு உதிர்ந்து வருவது இயல்பு. முந்தின வாரம்தான் பில்டர் மாற்றிய வீடுகளிலும் ஓட்டம் குறைந்துபோயிற்று. நாட்காட்டியின்படி அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்திருக்க வேண்டும். ஓட்டம் குறைந்ததைக் கருவியே காட்டியதால், புதிய கருவி வைத்திருந்த வீடுகளுக்கு எங்கள் ஊழியர்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

இனி, எதிர்ச் சவ்வூடுபரவல். ஆர்.ஓ. என்றால் எல்லாருக்கும் தெரியும். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் உருவாக்கிய சவ்வு, கடல்நீரைக் குடிநீராக்கும் நோக்கத்தில் பிறந்தது. கரைந்த உப்பைப் பிரிப்பதில் அதற்கு ஈடில்லை. ஆனால் பிரித்த உப்பை அடித்துக்கொண்டு போக ஒரு பங்கு நீரைக் கழிவாக விட்டே ஆக வேண்டும். பினாங்கின் குழாய் நீரில் கரைந்துள்ள திடப்பொருள் எங்கள் அளவீடுகளில் பெரும்பாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. இந்த நீருக்கு ஆர்.ஓ. எதற்கு? விசாரித்தால், "சென்னையில மாமா வீட்டுல இதுதான் வச்சிருக்காங்க" என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில். சென்னையில் பல பகுதிகளில் ஆழ்குழாய் நீர் உப்பும் கடினமுமானது. அங்கே அது பொருத்தம். அந்த இந்தியாவிலேயே, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் இக்கருவிகளைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது.

நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு என்றால், ஆண்டுக்குப் பதினோராயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நல்ல நீர் சாக்கடைக்குப் போகிறது. தன் ஆற்றுநீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றிலிருந்து எடுக்கும் மாநிலம் இது. அந்த ஆறோ கெடாவிலிருந்து வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகளின் மட்டம் இறங்கும் வறட்சி மாதங்களில், தேவையில்லாத சவ்வு ஒன்று நீரைக் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. மின்சாரமும் கழிவும் இல்லாமல், கிருமிகளையும் நுண்துகள்களையும் தடுக்கும் மீநுண் வடிகட்டலே இங்கு போதும் என்பது என் முடிவு. எங்கள் நிறுவனம் இம்மாநிலத்துக்கான பட்டியலில் அதையே முதலில் வைத்திருக்கிறது, ஆர்.ஓ. கேட்பவர்களின் வீட்டு நீரை முதலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறோம்.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் போக முடியவில்லை. பேரங்காடிகளிலும் இரவுச் சந்தைகளிலும் சில விற்பனையாளர்கள் குழாய் நீரில் இரண்டு மின்முனைகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். சிறிது நேரத்தில் நீர் அழுக்குப் பழுப்பாகும். பக்கத்தில் இருக்கும் ஆர்.ஓ. நீர் மட்டும் தெளிவாக நிற்கும். பழுப்பு நிறம் கரைகின்ற இரும்பு முனையிலிருந்து வருவது. உப்புகள் இருக்கும் நீரில் மின்சாரம் பாய்கிறது, அவை நீக்கப்பட்ட நீரில் அவ்வளவாகப் பாய்வதில்லை. நீரின் அழுக்கை அந்தச் சோதனை காட்டவே இல்லை. பயத்தால் வாங்கப்பட்ட கருவி தேவைக்கு மீறியதாகத்தான் இருக்கும். எங்கள் விற்பனை ஊழியர்களின் பயிற்சியில் இச்சோதனையைச் செய்து காட்டி, ஏன் செய்யக்கூடாது என்றும் விளக்குகிறோம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் போடும் ஊர் பினாங்கு. ஒரு பந்தலில் பாட்டில்களைத் தவிர்க்க, மின்சாரம் தேவைப்படாத பெரிய மீநுண் வடிகட்டிகளை நிறுவினோம். தொழில்நுட்பம் சிரமம் தரவில்லை. சிரமம் குவளையில் இருந்தது. எவர்சில்வர் குவளை வைத்தால் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும், அதற்கும் நீர் வேண்டும். பந்தலில் பரிமாறிய ஓர் அம்மா, "வாய் வைக்காம அண்ணாந்து குடிங்க தம்பி, நம்ம வழக்கம்தானே" என்று இளைஞர்களிடம் சொல்லிச் சொல்லிச் செம்பிலிருந்து ஊற்றினார். பெரியவர்களுக்கு அது இயல்பாக வந்தது. இளையவர்கள் பலர் சட்டையை நனைத்துக்கொண்டார்கள். இவர்களுக்காகச் சொந்தப் பாட்டிலை நிரப்பும் குழாய்களைத் தாழ்வாகத் தனியே வைத்தது அடுத்த ஆண்டு நன்றாகப் பயன்பட்டது. காவடி எடுப்பவருக்கு மட்டும் எந்தக் கருவியும் உதவாது. அவர் வாயில் இன்னொருவர்தான் ஊற்ற வேண்டும்.

வாடகை முறையைப் பற்றி மேலே குறையாகச் சொன்னேன். அதற்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு: கருவி கடைசிவரை நிறுவனத்தின் சொத்து. ஒப்பந்தம் முடிந்து திரும்பி வரும் கருவி எங்கள் கையிலேயே இருப்பதால், அது எளிதில் பிரிக்கக்கூடியதாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் இருப்பது எங்களுக்கே லாபம். நீர் படாத வெளி உறையில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைச் சேர்க்கிறோம். நீர் படும் பாகங்களில் அதை அனுமதிப்பதில்லை, ஏனெனில் பழைய பிளாஸ்டிக்கிலிருந்து நீரில் எது கசியும் என்பதை ஒவ்வொரு தொகுதிக்கும் உறுதிப்படுத்த முடியாது. பாதரசம் கொண்ட புற ஊதா விளக்குகளுக்குப் பதில் எல்.ஈ.டி. வந்துவிட்டது. இரவெல்லாம் வெந்நீரைச் சூடாகவே வைத்திருக்கும் தொட்டிக்குப் பதில், கேட்கும்போது மட்டும் சூடாக்கும் அமைப்பு வந்துகொண்டிருக்கிறது.

இப்போது எங்கள் பிரிவு உழைப்பது பில்டரின் உறையைத் தக்கவைத்து, உள்ளிருக்கும் கரிக் கட்டையை மட்டும் மாற்றும் வடிவமைப்பில். திறந்து மூடும் மூடியின் ரப்பர் வளையம் பல ஆண்டுகள் கசியாமல் நிற்க வேண்டும். முத்திரையிட்ட பில்டரில் இந்தக் கவலையே கிடையாது. அழுத்தச் சோதனைகளில் ஒரு வளையம் தேறியிருக்கிறது, மற்றவை தேறவில்லை. தீர்ந்த கரியை என்ன செய்வது என்பதும் முடிவாகவில்லை. தோட்டத்துக்குக் கேட்டவர்கள் உண்டு. அது எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் கத்தரிச் செடிக்குப் போட நான் சம்மதிக்கவில்லை. நீராவியில் 800 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் கரியை மீண்டும் உயிர்ப்பிக்கலாம், ஆனால் அதற்கான உலை எங்களைப் போன்ற ஒரு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. மற்ற நிறுவனங்களின் கரியையும் சேர்த்துக் கூட்டாக ஓர் உலைக்கு அனுப்பலாம் என்ற திட்டத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது.