காரமடைத் தோட்டத்தில் ஒரு கோச்சி

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து கோவைப் பக்கத்துக் காரமடைக்குக் குடிவந்தபோது நாங்கள் கொண்டுவந்த பெட்டிகளில் பதினொன்றில் துணிமணியும் இல்லை, பாத்திரமும் இல்லை. மாமனார் அவற்றில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"உள்ளே என்னங்க மாப்பிள்ளை, இரும்பா?"

"பித்தளை மாமா."

அவர் முகம் மலர்ந்தது. அண்டா, குத்துவிளக்கு என்று ஏதோ நினைத்திருப்பார். திறந்தால் முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் குட்டிக் குட்டித் தண்டவாளங்கள். "இதை வைத்துக்கொண்டு..." என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. புதிதாக வந்திருக்கும் மருமகனிடம் அதற்கு மேல் கேட்பது கொங்கு மரியாதையில் சேராது போலிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தான். பதினொரு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, காரமடைப் பெண்ணைக் கட்டியவன். மாமனாரால் தென்னந்தோப்பைத் தனியாகப் பார்க்க முடியாத நிலை வந்ததும் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். ஜெர்மன் தெரியாமல் சூரிச் விமான நிலையத்தில் நின்ற பையனுக்குக் கிடைத்த அனுதாபம், தமிழ் தெரிந்துகொண்டு காரமடையில் நின்ற நாற்பது வயதுக்காரனுக்குக் கிடைக்கவில்லை. தெரியாத மொழியில் திண்டாடினால் பரிதாபப்படுவார்கள். சொந்த மொழியில் திண்டாடினால் சிரிப்பார்கள். மளிகைக் கடையில் நான் வாய் திறந்தவுடன் "கேரளாவுங்களா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று பொருள். அடுத்த ஒரு மாதம் அந்தக் கடையில் நான் மலையாளியாகவே இருந்தேன்.

வீட்டிலும் அதே கதை. பெட்டிகளைப் பொடக்காளியில் வைக்கச் சொன்னார் மாமியார். நான் வெளியே போய்க் காளி கோயிலைத் தேடினேன். பொடக்காளி என்றால் வீட்டின் கொல்லைப்புறமாம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் தாத்தா பாட்டியை அப்புச்சி, அம்முச்சி என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். என் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது மட்டும் அப்பம்மா. எந்தத் தமிழ் எந்தப் பக்கத்துக்கு என்பதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

இந்த ரயில் என் அப்பாவுடையது. 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோனது. அதன் பிறகு தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்து பங்கருக்குக் கூரை போட்டார்கள். கோச்சி போன பாதையில் புல் முளைத்தது. கோச்சி என்றால் எங்கள் பக்கத்தில் ரயில். அப்பா விண்டர்தூரில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவினார். நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் வருடம், பழைய பொருள் கடையில் எல்ஜிபி என்கிற தோட்ட மாதிரி ரயில் வகையில் பழுதான ஒரு எஞ்சினைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பெயர்த்தெடுக்க ஆளில்லாத ஒரு பாதையை அவர் தேடியிருக்கலாம் என்று எனக்கு இப்போது படுகிறது. அப்போது, அவிழ்த்துப் பார்க்க எனக்கு ஒரு எஞ்சின் கிடைத்தது, அவ்வளவுதான்.

கையில் பிடிக்கிற பொம்மை ரயில் இல்லை இது. 1968இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் அறிமுகமான வகை. தோட்டத்தில், மழையிலும் வெயிலிலும் ஓடுவதற்கென்றே செய்தது. அளவு 22.5க்கு ஒன்று. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். ஏன் 45? ஆயிரம் மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்துப் பாருங்கள், 44 சொச்சம் வரும். அதாவது இது, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விடுகிற மீட்டர் கேஜ் பாதையின் குட்டி உருவம். சுவிட்சர்லாந்தில் மலையேறும் ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜ். எங்கள் தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு ஊட்டிக்குப் போகும் ரயிலும் மீட்டர் கேஜ்.

அந்தத் தொடர்பு எனக்கு இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலை 7.10 வண்டியைப் பார்க்க மேட்டுப்பாளையம் போனோம். எஞ்சின் முன்னால் இல்லை, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளக் காத்திருந்தது. மகள் பக்கத்தில் போய் எஞ்சின் மேலிருந்த தகட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். விண்டர்தூர். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகையின் பழைய நீராவி எஞ்சின்கள் 1914 முதல் அந்த ஊரில்தான் செய்யப்பட்டன. அங்கிருந்து கடைசித் தொகுதி 1952இல் வந்தது. அவற்றைச் செய்த ஆலை இருந்த பகுதி வழியாகத்தான் நான் பல வருடங்கள் வேலைக்குப் போய்வந்தேன், ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. கல்லாற்றைத் தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடுவிலே பல் தண்டவாளம், அதில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிறது. அந்தப் பல் முறையை வகுத்த ரோமன் ஆப்ட்டும் சுவிஸ்காரர்தான். "நம்மைப் போலவே அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது அப்பா" என்றான் மகன். நூறு வருடம் முந்தி வந்துவிட்டது, கேரளாவா என்று யாரும் கேட்கவில்லை என்றேன்.

முதல் ஜனவரியில் பாதை போட்டோம். தென்னைகளுக்கு நடுவே நுழைந்து, கறிவேப்பிலைப் பாத்தியைச் சுற்றி, முப்பத்திரண்டு மீட்டர். கருங்கல் சில்லு கொட்டி, நீர்மட்டம் வைத்து, காலைக் குளிரில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் இறுக்கிப் பூட்டினேன். சுவிஸ் சுத்தம். ஏப்ரலில் ஒரு மதியம் போய்ப் பார்த்தால் பாதை சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது. பத்து மீட்டர் பித்தளை நாற்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர் நீளும். எனக்கு இது தெரியாததில்லை. விண்டர்தூரில் கோடையில்தான் பாதை போடுவோம், ஏற்கெனவே நீண்டு கிடக்கும், அதனால் இந்த வேலையே வந்ததில்லை.

மாமனார் வந்து பார்த்தார். "நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று இடம் விட்டு நடுவோம் மாப்பிள்ளை. உங்கள் தண்டவாளத்துக்கு என்ன ஓட இடம் விட வேண்டும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இணைப்புக்கு இணைப்பு ஒரு விசிட்டிங் கார்டு கனம். "எறும்போட மாமா" என்றேன். அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக என்னோடு சேர்ந்து சிரித்தார். சாயங்காலம் அவரே மனைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, இணைப்புக்கு இணைப்பு ஒரு உரக்கடைக்காரரின் கார்டைச் செருகிப் பார்த்தார்.

மாமியாரின் பங்கைச் சொல்லாமல் விட்டால் மனைவி கோபித்துக்கொள்வாள். எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. பித்தளை கறுத்தால் போகாது, வண்டி விக்கி விக்கி நிற்கும். "பித்தளைதானே?" என்று ஒரு சட்டிப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து, நான் தூங்கி எழுவதற்குள் இரண்டு மீட்டரைத் தேய்த்து முடித்துவிட்டார் மாமியார். தங்கம் போலப் பளபளத்தது. எஞ்சின் அந்த இரண்டு மீட்டரில் மட்டும் பறந்தது. நாலாம் நாள் அதே இடம் பச்சை பூத்துவிட்டது. சிலிப்பர் இடுக்கில் தங்கிய புளிப்பு விடவில்லை. இப்போது மெல்லிய தேய்ப்பு நாரைக் கம்பில் கட்டி உலர்வாகத் தேய்க்கிறோம், இணைப்புகளுக்குள் கிராஃபைட் பசை வைக்கிறோம். மாமியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் சரியாக அலசவில்லை என்பது அவர் கட்சி.

சுவிட்சர்லாந்தில் ஏதாவது உடைந்தால் பாகத்தின் எண்ணை எழுதி அனுப்புவேன், மூன்றாம் நாள் தபாலில் வரும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. முப்பது வருடம் அங்கே அப்படித்தான் வாழ்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இங்கே வந்த முதல் வருடம் அதே பழக்கத்தில் ஒரு பார்சல் வரவழைத்தேன். நாற்பது கிராம் எடையுள்ள பாகத்துக்காக ஓர் அலுவலகத்தில் மூன்று மேசைகளில் விளக்கம் சொன்னேன். விளையாட்டுப் பொருளா, இயந்திர பாகமா என்பதில் மேசைக்கு மேசை கருத்து வேறுபாடு. கட்டிய வரியில் இன்னொரு எஞ்சினே வாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் கோவையைக் கண்டுபிடித்தேன். சிவப்பு எஞ்சின் ஒருநாள் முனகிவிட்டு நின்றது. மாமனார் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், மிக்ஸியிலும் இப்படித்தான் சத்தம் வரும்" என்றார். சரியாக அதுதான். காரமடை மிக்ஸி சர்வீஸ் கடைக்காரர் ஒரு மிக்ஸி பிரஷை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து மாட்டினார். பத்து நிமிட வேலை. 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த வட்டாரம் இது. மோட்டாரைக் கண்டு மிரள்கிற ஆளை இங்கே நான் இன்னும் பார்க்கவில்லை.

பெரிய சோதனை டீசல் எஞ்சினில் வந்தது. அது வேறொரு நிறுவனம் செய்தது. அச்சில் ஏறியிருந்த நைலான் பல்சக்கரம் விரிந்து வெடித்துவிட்டது. உடைந்ததை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு கோவையின் கணபதிப் பகுதிக்குப் போய், பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். ஒரு பீஸுக்காகக் கட்டர் மாட்ட யாருக்கும் மனமில்லை, நியாயம்தான். ஐந்தாவது பட்டறைக்காரர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பல்லை எண்ணினார், வெர்னியரில் வெளிவிட்டத்தை எடுத்தார், பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி விட்டத்தை வகுத்து, மாடூல், அதாவது பல்லின் அளவு, இவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லிவிட்டார். நான் பித்தளையில் வெட்டித் தரச் சொன்னேன்.

"வேண்டாமுங்க. இதோடு சேர்வது வார்ம் என்கிற திருகுப் பல்தானே? பித்தளை போட்டால் அடுத்து எது தேய்கிறது என்று தேட வேண்டியிருக்கும். டெல்ரின் பிளாஸ்டிக் கம்பி கிடக்கிறது, அதில் போடலாம். ஆனால் பன்னிரண்டாகத்தான் போடுவேன். செட்டிங் ஒன்றுதான்."

பன்னிரண்டுக்கும் காசை முழுதாக வாங்கினார், பில்லும் கொடுத்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான். அடுத்த ஞாயிறு வீட்டுக்காரம்மாவோடும் பேத்தியோடும் தோட்டத்துக்கு வந்து, தன் பல்சக்கரம் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். மாமியார் அரிசியும்பருப்பும் ஆக்கிப் போட்டார். "எந்த ஊருங்க நீங்கள்?" என்று கேட்டார் பட்டறைக்காரர். நான் வாயெடுக்கும் முன் மாமனார் முந்திக்கொண்டார்: "நம்ம மாப்பிள்ளைங்க." கேட்டது ஊர், கிடைத்தது உறவு. பட்டறைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

மேட்டுப்பாளையம் போய்வந்ததிலிருந்து மகன் எஞ்சினைப் பின்னால் வைத்துத்தான் ஓட்டுவேன் என்கிறான். தள்ளினால் வளைவில் பெட்டிகள் கவிழ்கின்றன. எங்கள் வளைவு பன்னிரண்டு துண்டில் ஒரு முழு வட்டம் போடுகிற குறுகல் வகை. மகளும் அவனும் ஒரு விடுமுறை முழுக்க இதிலேயே கிடந்தார்கள். கொக்கியை ஒரு முனையில் மட்டும் வைக்காமல் இரண்டு முனையிலும் மாட்டினார்கள், பெட்டிகளுக்கு அடியில் ஈயக் குண்டு கட்டினார்கள். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி எஞ்சின் சக்கரத்தில் போட்டுப் பார்த்தார்கள். பிடிமானம் நன்றாக இருந்தது, ஆனால் வண்டி நொண்டியது. கழற்றிவிட்டார்கள். மகளின் பற்றாசு (சால்டரிங்) வேலை இப்போது என்னுடையதைவிடச் சுத்தம். என் அப்பா பார்த்திருந்தால் என்னைக் கழற்றிவிட்டு அவளை உதவிக்கு வைத்துக்கொண்டிருப்பார்.

விண்டர்தூரில் நாங்கள் அறியாத பகைகளும் உண்டு. தென்னை மட்டை விழுந்து பாலம் முறிந்தது இரண்டு தடவை. செவ்வெறும்பு எஞ்சின் கொட்டகைக்குள் கூடு வைத்தது. தேங்காய் நார் அச்சில் சுற்றினால் கத்தரியும் ஊசியுமாக அரை நாள் போகும். எல்லாவற்றுக்கும் மேல் மயில். தண்டவாளத்தின் மேல் நடப்பதில் அதற்கு என்ன சுகமோ தெரியவில்லை.

இப்போது வண்டி ஓடவில்லை. கறிவேப்பிலைப் பாத்தியோரம், சுரங்க வாயிலுக்கு ஒட்டி, மயில் ஒன்று நாலு முட்டையிட்டு அடைகாக்கிறது. ஏறத்தாழ நாலு வாரம் அடைகாக்கும். அந்தப் பக்கம் போக யாருக்கும் அனுமதியில்லை என்று மாமனார் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையின் முனையில் ஒரு கயிற்றையே கட்டிவிட்டார். எஞ்சின்கள் நாலும் திண்ணையில் செய்தித்தாள் மேல் பிரிந்து கிடக்கின்றன. காலையில் தேங்காய் வியாபாரி வந்து, என்னங்க இது என்று கேட்டார். "கோச்சிங்க. மயில் எந்திரிக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்றார் மாமனார்.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.