வயது போன நாயின் சொறிச்சல்

தயவு செய்து நாயின் உடம்பில் பழைய எஞ்சின் ஒயில் பூசாதீர்கள். வன்னியில் சொறி என்றதும் பலர் தேடுவது அதைத்தான். நாய் நக்கும், ஒயில் வயிற்றுக்குள் போகும். தோல் வழியாகவும் நஞ்சு ஏறும். வயது போன நாயின் ஈரல் அதைத் தாங்காது.

சோளகக் காற்றும் செம்மண் புழுதியும் தொடங்கியதிலிருந்து எங்கள் ஜிம்மிக்கு ஒரே சொறிச்சல். வாலடியில் மயிர் கொட்டித் தோல் சிவந்து கிடந்தது. மயிரை விலக்கினால் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புத் துணிக்கைகள். ஈரப் பஞ்சில் வைத்து நசுக்க, சிவப்பாய்க் கரைந்தது. தெள்ளின் எச்சம், அதாவது அது குடித்த இரத்தம். தெள்ளின் முட்டையும் புழுவும் நாயை விடப் படுக்கையில்தான் அதிகம் கிடக்கும். அதனால் ஜிம்மி படுக்கும் சாக்கை வெந்நீரில் அவித்து வெயிலில் போட்டோம்.

மிருக வைத்தியர் நிறை பார்த்துத்தான் மருந்து தந்தார். கிழட்டு நாய்க்குத் தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் மயிர் கொட்டுமாம், அதையும் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் குளிக்கும் சவர்க்காரம் வேண்டாம், தோல் இன்னும் காயும். காதோரமும் முழங்கையும் சொறிந்து, வீட்டு ஆட்களுக்கும் கடி தொடங்கினால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். அப்போது சுணங்காமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள்.