மீட்டர் பக்கத்தில் அரசின் ஆள்

வளரும் நாடு ஒன்று எண்ணெய் எடுக்க வெளிநாட்டு நிறுவனத்தோடு உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் (கிடைக்கும் எண்ணெயை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்) போட்டால், பேச்சு முழுக்கச் சதவீதத்தைப் பற்றியே நடக்கிறது. 1960களில் இந்தோனேசியா தொடங்கி வைத்த முறை இது. விகிதங்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். உதாரணத்துக்கு 100 பீப்பாயில் அரசுக்கு ராயல்டி 10. மீதி 90-இல் செலவு ஈடாக நிறுவனம் 60 சதவீதம், அதாவது 54 எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 36 ஆளுக்குப் பாதி. அரசுக்கு மொத்தம் 28.

அந்த 100 சரியாக 100தானா? எண்ணெயை அளக்கும் மீட்டரை வாங்குவது, பொருத்துவது, ஓட்டுவது எல்லாம் நிறுவனம்தான். அரசுத் தரப்பில் வருகிறவர் பல இடங்களில் அச்சிட்ட தாளில் கையெழுத்திட்டுத் திரும்பிவிடுகிறார். வேதனையான விஷயம் இது.

கச்சா எண்ணெய் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.08 சதவீதம் விரியும். அதனால் அளவை 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். வெப்ப உணரி 2 டிகிரி கூடுதலாகக் காட்டினால், நாளுக்கு 1 லட்சம் பீப்பாய் ஓடும் குழாயில் சுமார் 160 பீப்பாய் கணக்கில் வராது. கையில் ஒரு சான்றிட்ட வெப்பமானி இருந்தால் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

மீட்டர் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் ப்ரூவர் சோதனைதான் நுணுக்கமானது. கொள்ளளவு தெரிந்த குழாய்க்குள் ஒரு பந்து ஓடும். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே அது கடக்கும்போது மீட்டர் தரும் துடிப்புகளை எண்ணுவார்கள். அடுத்தடுத்த ஐந்து ஓட்டங்கள் 0.05 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் தேர்ச்சி. ஆனால் பந்து ஓடும் திசையை மாற்றும் நான்குவழி வால்வு கசிந்தால் கொஞ்சம் எண்ணெய் பந்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கசிவு சீராக இருந்தால் ஐந்து ஓட்டமும் கச்சிதமாக ஒத்துப்போகும். மீட்டர் காட்டும் அளவைத் திருத்தப் பெருக்கும் எண்ணான மீட்டர் காரணி மட்டும் குறைந்துவிடும், அதோடு அரசின் பங்கும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த வால்வின் இரண்டு சீல்களுக்கு நடுவே உள்ள அழுத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தாளில் இது தெரியாது.

எண்ணெயில் கலந்திருப்பதாகக் கழிக்கும் தண்ணீர் அளவும் அப்படித்தான். ஓட்டம் மெதுவான இடத்தில் தண்ணீர் குழாயின் அடியில் படியும். மாதிரி எடுக்கும் முனை அங்கே இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

பிழை கண்டுபிடித்தாலும் எவ்வளவு நாளைக்குத் திருத்துவது? எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், கடைசிச் சோதனைக்குப் பிறகான காலத்தில் பாதிக்கு மட்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. எனவே சோதனையைத் தள்ளிவைக்கக் கேட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால், அன்றே எழுத்தில் மறுத்துவிட்டு, மீட்டர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.