கண்ணாடி மாதிரி ஒரு முகம்

ரொம்ப நன்றாக வேலை செய்து திட்டு வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கியிருக்கிறேன்.

பிரஷர் வெஸலுக்கான நாசில் அது, அதாவது அழுத்தம் தாங்கும் கலனில் குழாய் இணைக்கும் வாய். அழுத்தத் தரம் 600 கிளாஸ், எஸ்ஏ-105 என்ற கார்பன் எஃகில் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங், ஃபிளேஞ்சும் (போல்ட் போடும் விளிம்பு) கழுத்தும் ஒரே துண்டில். இப்படியொரு கட்டியை லேத்தில் ஏற்றினால் முதல் தொல்லை அதன் மேல்தோல்தான். உலையில் பிடித்த கருப்பு ஸ்கேல், வெட்டும் முனையான இன்சர்ட்டைத் தின்றுவிடும். பயந்துபோய் அரை மில்லி கட் கொடுத்தால் முனை அந்தத் தோலிலேயே உரசி உரசி மழுங்கிவிடும். துணிந்து மூன்று நான்கு மில்லி இறங்க வேண்டும். அதற்கு முன்னால், எந்த உருக்கில் வந்த எஃகு என்று சொல்லும் ஹீட் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது சீவலோடு போய்விட்டால் மிச்சமிருப்பது ஊர் பேர் தெரியாத இரும்பு.

உள் துளையை ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். 300 மி.மீ. துளை, அறை வெப்பத்தைவிட 40 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 0.14 மி.மீ. பெரிதாகக் காட்டும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், அந்தத் திமிர் வேறு.

கடைசியாக, கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வளையம் உட்காரும் முகம். முனை வளைவு 0.8 மி.மீ. ரேடியஸ் உள்ள இன்சர்ட், ஃபீட் (ஒரு சுற்றுக்கு முனை நகரும் தூரம்) 0.1 மி.மீ. முடித்தபோது மேலே எரிந்த விளக்கு அதில் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார், நகத்தால் ஒரு முறை சுரண்டிப் பார்த்தார். நகம் வழுக்கியது.

“தம்பி, இதுல முகம் பாக்கலாம். கேஸ்கட் போட முடியாது.”

ட்ராயிங்கில் பி16.5 என்ற ஃபிளேஞ்ச் தரநிலை தெளிவாகவே இருந்தது: ஆர்ஏ (சராசரி சொரசொரப்பு) 3.2 முதல் 6.3 மைக்ரான், அங்குலத்துக்கு 45 முதல் 55 வரி. கிராமபோன் தட்டு மாதிரி வரி இருந்தால்தான் கேஸ்கட் அதில் அழுந்திப் பிடிக்கும். உள்ளேயிருக்கும் அழுத்தம் அதை நகர்த்தப் பார்க்கும்போது நகராது. வழுவழுப்பில் என்ன பிடிமானம் இருக்கிறது?

அப்புறம் 1.5 ரேடியஸ் டூல் மாட்டி, 0.5 ஃபீடில் மறுபடி ஒரு கட். கணக்கு எளிது: ஃபீடின் வர்க்கத்தை ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால் வரியின் ஆழம் சுமார் 21 மைக்ரான். அதில் ஏறத்தாழ கால் பங்கு ஆர்ஏ, அதாவது ஐந்து சொச்சம். பழைய 0.8 இன்சர்ட்டிலேயே ஃபீடை மட்டும் ஏற்றியிருந்தால் பத்தைத் தொட்டு, அதற்கும் ஒரு திட்டு வாங்கியிருப்பேன். நல்லவேளை, தடிமனில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன்.

வரி வட்டமாகப் போகும் வரை சரி. அதைக் குறுக்கே வெட்டுகிற ஒரு கீறல் போதும், உள்ளிருந்து வெளியே கசிய வழி கிடைத்துவிடும். அதனால்தான் முடித்த நாசிலை யாராவது பலகை போடாமல் முகத்தைக் கீழே வைத்தால், நான் போடும் சத்தம் மூன்று லேத் தாண்டிக் கேட்கிறது.